பதினேழாம் புள்ளி

சொட்டு எங்கே பிறந்தது என்று கேட்கிறார்கள்.
கிளிநொச்சியில், கண்டி வீதிக்கு மேற்கே,
தகரம் வேய்ந்த கணினி வகுப்பில்,
சமாதான காலத்தின் இரண்டாம் மாரியில்.
பிறந்த நேரம் தெரியாது.
ஜெனரேற்றர் நின்றுபோயிருந்தது.

எங்கள் கணினிக்குக் கூம்பு தெரியும்,
உருளை தெரியும்.
மூன்றாவதாக எதைக் கேட்டாலும்
நீலத்திரையைக் காட்டிவிட்டுப் படுத்துவிடும்.
தர்மினி ஒரு மான் கேட்டாள்.
கால் நான்கும் உருளை, கொம்பு கூம்பு.
நடக்கச் சொன்னதும்
கவிழ்ந்த வாங்கு மாதிரிக் கிடந்தது.
நாங்கள் சிரிக்க, அவள் கோபித்துக்கொண்டு
ஜெனரேற்றருக்கு எண்ணெய் விடப் போனாள்.
திரும்பி வந்தபோது கையில் புனல்.
மேலே கூம்பு. கீழே உருளை.
"இந்தா, உங்கட மான்."

நாற்பது செக்கன் படம்.
செக்கனுக்குப் பதினைந்து சட்டகம்,
சட்டகம் ஒன்றுக்குப் பதினொரு நிமிடம்,
இரவுக்கு மூன்று மணித்தியால மின்சாரம்:
முப்பத்தேழு இரவு.
கணக்குப் பார்த்தது கெங்காதரன்.
மண்ணெண்ணெய்க்குக் கடன் வாங்கியதும் அவன்தான்.
திருப்பிக் கொடுத்தது யார் என்பது
இன்றைக்கும் வழக்கு.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை.
ஒரு போத்தல் நிற்கும்.
புனல் துள்ளித் துள்ளிப் போய்
அதன் கழுத்தில் ஏறப் பார்க்கும், சறுக்கும்,
கடைசியில் ஏறிவிடும்.
எண்ணெய் வராது. அண்ணாந்து பார்க்கும்.
கண் இல்லாத ஒன்று அண்ணாந்து பார்ப்பதை
பள்ளிக்கூட மண்டபத்தில், படுக்கை விரிப்பில் பார்த்தார்கள்,
பெற்றோலைச் சொட்டாய் எண்ணி
மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓட்டிய சனம்.
கொஞ்ச நேரம் ஒரு சத்தமுமில்லை.
பிறகு பின்வாங்கிலிருந்து ஒருவர்:
"தம்பி, பொறு, ஒரு சொட்டாவது வரும்!"
கூரை அதிரச் சிரித்தார்கள்.
அன்றிரவே பெயர் விழுந்தது,
வராத ஒன்றின் பெயர், காத்திருந்ததற்கு.

விளிம்பில் ஒரு வெட்டு இருக்கிறதே, அது நான்.
புனலின் வாயைச் சுற்றிப் பதினெட்டுப் புள்ளி.
ஒரு கையால் நுளம்பை அடித்து
மறுகையால் எண்களை அடித்தேன்.
பதினெட்டு வரவேண்டிய இடத்தில்
மறுபடியும் பதினேழு.
ஒரு முக்கோணம் மூடவில்லை.
கண்டுபிடித்தபோது
பத்தொன்பது இரவு எரிந்து முடிந்திருந்தது.
"விடு," என்றாள் தர்மினி, "இது எலி கடிச்ச புனல்."

இறுவட்டுகளைப் பால்மா ரின்னுக்குள் போட்டு
புதுக்குடியிருப்பில் ஒரு முதிரையடியில் தாட்டோம்.
திரும்பப் போனபோது மஞ்சள் நாடா கட்டியிருந்தது.
அடுத்த முறை நாடா இல்லை.
முதிரையும் இல்லை.
தர்மினியின் படம்
கோயிலடிப் பந்தலில் தொங்குகிறது, லமினேற் செய்து.

புனல் மட்டும் போகவில்லை.
மாங்குளத்தில் எஞ்சின் ஒயில் கடைப் பலகையில் நிற்கிறது.
முழங்காவில் பஸ்ஸின் முதுகில் துள்ளுகிறது.
உதைபந்தாட்டக் கழகம் ஒன்று
நெஞ்சில் போட்டுக்கொண்டு தோற்கிறது.
படம் பார்க்காதவர்கள் கீறியதைப் பார்த்து
படம் பார்க்காதவர்கள் கீறுகிறார்கள்.
எல்லாவற்றிலும் அந்த வெட்டு,
வலப்பக்கம், அளவு பிசகாமல்.

கொழும்பிலிருந்து ஆய்வுக்கு வந்த பெண்
ஷெல் துண்டு பட்ட காயம்தானே என்று எழுதிக்கொண்டாள்.
பதினேழைச் சொன்னேன், நுளம்பையும் சொன்னேன்.
பேனையை நிறுத்தி, மரியாதையாய்ச் சிரித்து,
காயத்தின் கீழே ஒரு கோடு போட்டாள்.

போன கிழமை பரந்தனில்
என் ஓட்டோவில் சொட்டுக் கீறக் கொடுத்தேன்.
பெயின்ற் அடிக்கிற பெடியன் துண்டில் எழுதித் தந்தான்:
புனல், ஆயிரத்து ஐந்நூறு.
வெட்டு, இருநூறு.
"வெட்டுக்கு ஏன் தனிக்காசு?"
"அதுதான் அண்ணை கஷ்டம்.
கொஞ்சம் பிழைச்சாலும் சனத்துக்குத் தெரிஞ்சிடும்."